நடுவில் எட்டுப் பக்கம்

புதுத்தாள் விரலை அறுத்தால் அப்போது தெரியாது. மத்தியானம் சோற்றில் புளிக்குழம்பை ஊற்றிப் பிசையும்போதுதான் தெரியும். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில், கண்ணுக்கே படாத ஒரு கோட்டில் புளி இறங்கி, "ஸ்ஸ்" என்று உறிஞ்ச வைக்கும். எண்பதுகளின் பிற்பாதியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் குடியிருந்த தெருவில், அம்மாவும் நானும் பக்கத்து வீட்டுப் பெண்களும் அப்படி உறிஞ்சிக்கொண்டேதான் சாப்பிட்டு எழுந்தோம். எந்த வீட்டில் இன்று புளிக்குழம்பு என்பதை வாசலில் நின்று காதால் கேட்டே சொல்லிவிடலாம். எங்கள் விரல்களை அறுத்த தாள்கள் அத்தனையும் சின்னப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதற்காக அச்சடித்த படப்புத்தகத் தாள்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

சிவகாசியில் அச்சாகும் அந்தப் புத்தகங்கள், தாளாகவே கட்டுக் கட்டாக எங்கள் தெருவுக்கு வந்து இறங்கும். நாங்கள் மடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு பெரிய தாளின் இரண்டு பக்கமுமாகச் சேர்த்து எட்டுப் பக்கம் அச்சாகியிருக்கும். பாதிப் படங்கள் நேராகவும் பாதி தலைகீழாகவும் கிடக்கும். குறுக்கே ஒரு மடிப்பு, நெடுக்கே ஒரு மடிப்பு, மூங்கில் பத்தையால் மேலே ஒரு தேய்ப்பு. எட்டுப் பக்கமும் வரிசைக்கு வந்துவிடும். அப்படி மடித்த தாளுக்கு எங்கள் பக்கத்தில் "பாரம்" என்று பெயர். பதினாறு பக்கப் புத்தகம் என்றால் இரண்டு பாரம். ஒன்றன் பின் ஒன்றாக அடுக்குவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றின் வயிற்றுக்குள் இன்னொன்றைச் செருகித்தான் நடுவில் "பின்" அடிப்பார்கள். ஆகவே வெளிப்பாரத்தில் கதையின் முதல் நாலு பக்கமும் கடைசி நாலு பக்கமும் இருக்கும். நடுவில் வரும் எட்டுப் பக்கம் முழுவதும் உள்பாரத்தில் இருக்கும்.

கட்டுகளைக் கொண்டுவருகிறவரை எல்லோரும் "ஏஜெண்டு" என்றே கூப்பிட்டார்கள். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் சந்தேகப் பிராணி. இரண்டு பாரமும் ஒரே தெருவில் இருந்தால் ஆளுக்கொரு புத்தகம் கோத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று அவருக்கு ஒரு பயம். அதனால் "ஒரு தெருவுக்கு ஒரு பாரம்" என்று சட்டம் போட்டிருந்தார். எங்கள் தெருவுக்கு எப்போதும் வெளிப்பாரம். உள்பாரம் ராஜபாளையத்துக்குப் போகும். அட்டை மடிப்பு சுந்தரபாண்டியத்தில். கிழிந்த தாளையும் மை அப்பிய தாளையும்கூடத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவார். "ஒரு தாளு கொறஞ்சாலும் சரி, ஒங்க தெருவுக்கே வேல கெடையாது, சொல்லிப்புட்டேன்" என்பது அவர் ஒவ்வொரு கட்டையும் இறக்கும்போது சொல்லும் வாசகம்.

இதன் பலன் என்னவென்றால், எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஊரில் இருந்த அத்தனை சிரிப்புக் கதைகளும் தெரியும், ஆனால் தலையும் வாலும் மட்டும். சிங்கம் சவரக் கடைக்குப் போய் உட்காரும், அடுத்த பக்கத்தில் மொட்டைத் தலையோடு காட்டில் ராஜாவாக வலம் வரும். குண்டு மாமி குடையை விரிப்பாள், அடுத்த பக்கத்தில் பனைமர உச்சியில் உட்கார்ந்திருப்பாள். நடுவில் என்ன நடந்தது என்று நாங்கள் யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. கவலைப்பட நேரமும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரைக்கும் மடிக்க வேண்டும். சிங்கத்தின் முடி எப்படிப் போனது என்பதைச் சிங்கம் பார்த்துக்கொள்ளும். எங்கள் தெருவிலேயே அதற்காகக் கவலைப்பட்டவன் ஒருவன்தான், அவன் என் தம்பி ராசு.

ராசுவுக்கு அப்போது ஆறு வயது, எனக்குப் பத்து. முந்தின வருஷம் அவனுக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தது. அது போன பிறகு முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால். வளர்கிற பிள்ளைக்குக் கால் வலிப்பது சகஜம்தான் என்று அம்மா விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவனால் தெருமுனை வரை ஓட முடியவில்லை. அதற்குப் பிறகு தெருமுனை வரை நடக்கவே முடியவில்லை. அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். அங்கே ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். டாக்டர் காதுக்குழாயை அவன் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, உள்ளே வால்வு கெட்டுப்போயிருக்கிறது, மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி தவறாமல் போட வேண்டும், ஓடக்கூடாது, படி ஏறக்கூடாது, அலட்டிக்கொள்ளக்கூடாது என்றார். அம்மா அந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தால் இருமல் வந்து, இருமல் முற்றி, உதடு நீலம் பாரிக்கும். அதைப் பார்த்துப் பயந்துபோனவள், "அவனச் சிரிக்க வைக்காதட்டி, மூச்சு முட்டுது" என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஆக, வீட்டின் ஒரு சுவர் ஓரமாக ஆள் உயரத்துக்குச் சிரிப்புப் புத்தகத் தாள்கள், எதிர்ச் சுவர் ஓரமாகப் பாயில் சிரிக்கக்கூடாத ஒரு பையன். இப்போது நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அப்போது அது எங்களுக்குச் சாதாரணம். அவன் பள்ளிக்கூடம் போகவில்லை. நாங்கள் மடிக்கும் தாள்களைத்தான் படுத்தபடி நாள் முழுவதும் பார்த்தான். தலைகீழாகக் கிடக்கும் படங்களை அப்படியே பார்த்துப் புரிந்துகொள்ள அவனுக்குப் பழகிப்போயிருந்தது. நாங்கள் தாளைத் திருப்பினால், "திருப்பாதக்கா, நான் பாத்துக்கிட்டிருக்கேன்லா" என்று சண்டைக்கு வருவான்.

அந்த வருஷம் வந்த ஒரு புதுக் கதையின் தாள்களில் ஒரு போலீஸ்காரரும் ஓர் ஆடும் வந்தார்கள். போலீஸ்காரருக்குப் பானை வயிறு, அதைவிடப் பெரிய மீசை. ராசு அவரை "ஏட்டையா" என்றான். எங்கள் பக்கத்தில் எந்தப் போலீஸ்காரரையும் அப்படித்தான் சொல்வோம், தெருவுக்கு ஒருவர் போலீசிலோ பட்டாளத்திலோ இருந்த ஊர் அது. முதல் பக்கத்தில் ஏட்டையாவும் ஆடும் மூக்கோடு மூக்கு முட்டி நிற்பார்கள். இரண்டாம் பக்கத்தில் ஏட்டையா ஸ்டூலில் உட்கார்ந்து தூங்குவார். மூன்றாம் பக்கத்தில் ஆடு அவர் தொப்பியைக் கவ்வும். நாலாம் பக்கத்தில் லத்தியைத் தூக்கிக்கொண்டு ஆட்டைத் துரத்துவார். மடித்த பாரத்தை நடுவில் விரித்தால் இடது கைப்பக்கம் துரத்தும் படம். வலது கைப்பக்கம், அதாவது பதிமூன்றாம் பக்கத்தில், ஏட்டையா நாலு காலில் நின்று, ஆட்டுத் தறியில் கட்டுண்டு, ஆட்டுக்குப் போட்ட இலைகுழையைத் தின்றுகொண்டிருப்பார். தொப்பி ஆட்டின் தலையில் இருக்கும். பிறகு ஜீப்பில் வரும் இன்ஸ்பெக்டர் ஆட்டுக்குச் சல்யூட் அடிப்பார். கடைசிப் பக்கத்தில் ஆடும் ஏட்டையாவும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து ஸ்டூலிலேயே தூங்குவார்கள்.

ராசுவுக்குத் தாங்கவில்லை. துரத்தினவர் எப்படிக் கட்டுண்டார்? அவன் சும்மா கேட்கிற பிள்ளை இல்லை, துப்புத் துலக்குகிற பிள்ளை. பதிமூன்றாம் பக்கத்தில் ஏட்டையாவின் கழுத்தில் சிவப்புக் கயிறு இருந்தது. நாலாம் பக்கம் வரைக்கும் எங்கும் கயிறே இல்லை. "கயிறு எங்கேருந்துக்கா வந்துச்சு?" பதிமூன்றாம் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஏட்டையாவின் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது, குழந்தைகளுக்குக் கண்ணேறு படாமல் வைப்பது மாதிரி. நான் அதை மைத்துளி என்று நினைத்திருந்தேன். ராசு பத்துத் தாள்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் அதே எடத்துல இருக்குக்கா. யாரோ வச்சி விட்டுருக்காவ" என்றான். மீசை வைத்த ஏட்டையாவுக்குக் கண்ணேறு பொட்டு வைத்தது யார் என்பது அவனுக்குப் பெரிய கேள்வியாகிவிட்டது.

நான் நடுவைச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் நாள் ஒரு மந்திரவாதி வந்து ஏட்டையாவை ஆடாகவும் ஆட்டை ஏட்டையாவாகவும் மாற்றினான். "அப்பொறம் ஏன் மீசை போகல?" என்று ராசு ஒரே கேள்வியில் மந்திரவாதியை விரட்டிவிட்டான். அடுத்த நாள் ஆட்டின் சொந்தக்கார ஆடுகள் எல்லாம் செட்டியார்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தன. கண்டக்டர் பாதி டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று தெரியாமல் விழித்தார். இன்னொரு நாள் ஏட்டையாவின் பெண்சாதி வந்து, ஆட்டுக்குப் பதிலாக அவரையே கட்டிப் போட்டாள். ராசு வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரிப்பான். அம்மா காதில் விழாமல் சிரிப்பதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி அது. சிரித்து முடித்து மூச்சு வாங்கிவிட்டு, "நல்லாருக்கு. ஆனா இது இல்லக்கா. நெசமான நடு வேற" என்பான். மறுநாள் மறுபடியும், "நடு சொல்லுக்கா" என்பான்.

அப்படி ஒருவன் தினமும் என் வாயைப் பார்த்துக்கொண்டு கிடந்தது எனக்குப் போதையாக இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் நான் கடைசி வரிசை. வீட்டில் மடிக்கிற கை. ராசுவின் பாய்க்குப் பக்கத்தில் மட்டும்தான் நான் பெரிய ஆள். சமயத்தில் மடிக்கும்போதே அன்றைய நடுவை மனசுக்குள் கோத்து வைத்துக்கொள்வேன். அவன் கெஞ்சட்டும் என்று வேண்டுமென்றே கொஞ்ச நேரம் மௌனமாக இருப்பேன். அவனும் கெஞ்சுவான்.

அவனுக்கு நிஜமான நடுவைப் பார்க்க வேண்டும் என்கிற ஆசை நாளுக்கு நாள் கூடியது. ஊசிக்கு அழுதால் அம்மா, "அழாத, ஏஜெண்டுகிட்ட நடுத்தாளு ஒண்ணு கேட்டு வாங்கித் தாரேன்" என்று சொல்லி வைத்தாள். ஒரு நாள் கேட்கவும் போனாள். ஏஜெண்டு வாசலில் நின்று கட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து "என்ன தாயி?" என்றார். அம்மா வாய் திறந்து, மூடி, கடைசியில், "கட்டுக்கயிறு பத்தலண்ணே" என்றாள். அவர் ஒரு உருண்டை கயிறு கொடுத்துவிட்டுப் போனார். தெருவில் இருபது வீட்டுக்கு அந்த வேலை இருந்தது. நம்மால் அது போய்விடக்கூடாது என்கிற பயம் அம்மாவுக்கு. அப்பாவிடம் சொன்னபோது, "அடுத்தவுக வேலையில தாள எடுக்கது களவு. பேசாம இருங்க" என்று முடித்துவிட்டார்.

ராஜபாளையத்தில் கோமதி அத்தை இருந்தாள், அப்பாவின் தங்கை. ஒரு காதுகுத்துக்காக அப்பாவோடு நான் மட்டும் அங்கே போனேன். ராசுவை அழைத்துப் போக முடியாது, அம்மா அவனோடு இருந்துவிட்டாள். உள்பாரம் மடிக்கிற ஊர் என்பதால், "அத்தகிட்ட நடு கேட்டுப் பாருக்கா" என்று சொல்லித்தான் அவன் என்னை அனுப்பினான். அத்தைக்கு விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது. சாப்பாடு முடிந்து கிளம்பும்போது என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டு, பின்வீட்டு அக்காவிடமிருந்து வாங்கி வைத்திருந்த ஒரு தாளை என் பாவாடைக்குள் செருகினாள். ஓரத்தில் எலி கடித்த தாள். அந்த அக்கா ஏஜெண்டிடம் எலி முழுசாகத் தின்றுவிட்டது என்று சொல்லிக்கொள்வாளாம். "ஒங்க அப்பனுக்குத் தெரியாம கொண்டு போயிருட்டி. பிள்ள பாக்கட்டும்" என்றாள் அத்தை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அது என் வயிற்றில் மொடமொடத்துக்கொண்டு வந்தது. அப்பா பக்கத்தில் தூங்கிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேராக ராசுவிடம் ஓடியிருக்க வேண்டும். நான் கொல்லைப்புறம் போய், துவைகல்லில் தாளை விரித்து, முதலில் நான் பார்த்தேன்.

ஐந்தாம் பக்கத்தில் ஆடு ஒரு வீட்டுக்குள் நுழைகிறது. ஆறாம் பக்கத்தில் ஏட்டையா பின்னாலேயே நுழைந்து சத்தம் போட, அங்கே பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த சின்னப் பையன் ஒருவன் விழித்து அழுகிறான். ஏழாம் பக்கத்தில் ஏட்டையா பதறிப்போய் விசில் ஊதுகிறார், குட்டிக்கரணம் அடிக்கிறார். பையன் அழுகையை நிறுத்தவில்லை. எட்டும் ஒன்பதும் சேர்ந்து ஒரே படம், பின் குத்துகிற நடுப்பக்கம்: ஏட்டையா நாலு காலில் நின்று "மே..." என்கிறார், பையன் பாயில் புரண்டு சிரிக்கிறான். பிறகு அவன் துணி காயப்போடும் சிவப்புக் கொடிக்கயிற்றை அவிழ்த்து ஏட்டையாவின் கழுத்தில் கட்டுகிறான். தன் கன்னத்துப் பொட்டிலிருந்து விரலால் மை எடுத்து அவர் கன்னத்தில் வைக்கிறான். பன்னிரண்டாம் பக்கத்தில் அவரைத் தறியில் கட்டிவிட்டு, தொப்பியை ஆட்டுக்கு வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்விடுகிறான். அந்தப் பையன் கதையின் தொடக்கத்திலும் இல்லை, முடிவிலும் இல்லை, அதனால்தான் எங்கள் தெருவில் யாருக்கும் அவனைத் தெரியவில்லை.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு வந்ததை என்ன சொல்வது? வயிற்றெரிச்சல்தான். மந்திரவாதி, பெண்சாதி, செட்டியார்பட்டி ஆடுகள் என்று ஊரையே கூட்டிக்கொண்டு வந்த எனக்கு, ஒரு பையன் தோன்றவில்லை. பாயில் படுத்துக் கிடக்கிற பையன் ஒருவனைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே தோன்றவில்லை. இந்தத் தாளைப் பார்த்தால் ராசு தன்னையே பார்ப்பான். கயிற்றுக்கும் பொட்டுக்கும் விடை கிடைத்துவிடும். அதன் பிறகு "நடு சொல்லுக்கா" என்று என்னிடம் ஏன் கேட்கப் போகிறான்? இதை இவ்வளவு தெளிவாக அன்றைக்கு நினைத்தேனா என்று தெரியாது. ஆனால் கை நினைத்துவிட்டது. தாளை வழக்கப்படி இரண்டு மடிப்பு மடித்து, என் பள்ளிக்கூடப் பையில் சமூகப் பாடப் புத்தகத்துக்குள் வைத்தேன். எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன்: இதைப் பார்த்தால் ரொம்பச் சிரிப்பான், சிரித்தால் மூச்சு முட்டும், அம்மாதான் வேண்டாம் என்றிருக்கிறாளே.

கொடுக்கவே கூடாது என்று நான் நினைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள், அவ்வளவுதான். காதுகுத்துக்குப் போய் வந்த அன்றே, "அத்த குடுத்தாளாக்கா?" என்று கேட்டான். "இல்லடா, கெடைக்கலையாம்" என்றேன். அன்றைக்கு ஏட்டையாவைத் தேரில் ஏற்றி, நாலு ரத வீதியும் இழுத்துக்கொண்டு போய், ஆண்டாள் கோவில் கோபுரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து கட்டினேன். என் நடுக்களிலேயே மிக நல்லது அதுதான். ராசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பார்த்தாயா, இதுவே போதும் அவனுக்கு என்று எனக்கு ஒரு நிம்மதி. பதினேழு நாள் அந்தத் தாள் என் பையில் இருந்தது. பதினேழு நாளும் நான் ஒரு நடுவைச் சொன்னேன்.

பதினெட்டாம் நாள் காலையில் அவனுக்குப் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சு விட்டான். கால் இரண்டும் வீங்கியிருந்தன. ராஜபாளையத்து டாக்டர் பார்த்த உடனே மதுரைக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார். அம்மாவும் அப்பாவும் வீட்டுக்கு வந்து துணி எடுத்துக்கொண்டு மதுரை பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் போனேன். மத்தியானப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற நேரம், பை என் தோளில் இருந்தது. அப்பா ராசுவைத் தோளில் சாய்த்துத் தூக்கி வைத்திருந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்ததும் அவன் கம்பி வழியாக என்னைப் பார்த்து, மூச்சை நிறுத்தி நிறுத்தி, "நடு வந்துச்சாக்கா?" என்றான்.

எடுத்துக் கொடுக்க ஒரு நொடி போதும். ஆனால் எடுத்தால், எப்போது வந்தது என்று அம்மா கேட்பாள். களவு என்று சொன்ன அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பதினேழு நாள் பொய் சொன்னது அத்தனை பேருக்கு முன்னால் தெரிந்துபோகும். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நீ மருதையிலேருந்து வா, வந்துரும்" என்றேன். அவன் தலையை ஆட்டினான். நான் சொன்னதை அவன் நம்பினான்.

நாலாம் நாள் சாயங்காலம் அவனை வேனில் கொண்டு வந்தார்கள். பெரியவர்களுக்கு உள்ளது போல நீண்ட சடங்குகள் எதுவும் இல்லை, சின்னப் பிள்ளை என்பதால் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். துக்கத்துக்கு வந்தவர்களில் யாரோ ஒருத்தி, "சிரிச்சுச் சிரிச்சே நெஞ்சு போச்சு பிள்ளைக்கு" என்று என் காதுபட இன்னொருத்தியிடம் சொன்னாள். அம்மா தாள் கட்டுகளின்மேல் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். "ஆஸ்பத்திரியில கடசி வரைக்கும் அதையே கேட்டானே. ஒத்தத் தாளு... ஒத்தத் தாளு கேக்கதுக்கு எனக்கு வாய் வரலையே!" என்று அவள் கத்தியதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். களவு என்று சொல்லும் அப்பாவுக்குப் பயந்து, கோமதி அத்தையும் தாள் கொடுத்ததைக் கடைசி வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் எல்லோரும் தலை முழுக வெந்நீர் போட்டபோது, அடுப்பில் விறகு தள்ளிவிடுகிற வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, பையிலிருந்த தாளை உள்ளே வைத்தேன். அச்சு மை எரிந்தால் பச்சையாகக் கொஞ்சம் எரியும். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

அந்தப் புத்தகம் நன்றாக விற்றதாம். அதனால் ஒவ்வொரு வருஷமும் மறுபடி அச்சடித்தார்கள். ஒவ்வொரு வருஷமும் ஏட்டையாவும் ஆடும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்தக் கட்டு வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு வழியில்லை. படத்தைப் பார்க்காமலே மடிக்கப் பழகிக்கொண்டாள். கண் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும், கை மடிக்கும். நானும் மடித்தேன். துரத்துகிற ஏட்டையா, கட்டுண்ட ஏட்டையா, நடுவில் மடிப்பு. நான் எட்டாவது படிக்கும் வரைக்கும் ஆயிரக்கணக்கில் மடித்திருப்பேன். கயிறும் பொட்டும் எங்கிருந்து வந்தன என்பது அந்தத் தெருவிலேயே எனக்கு மட்டும் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் மடிக்கிற மிஷின்கள் வந்துவிட்டன. ஏஜெண்டு வருவது நின்றது. பெண்கள் மில்லுக்கும் தீப்பெட்டிக்கும் பிரிந்து போனார்கள். பிறகு அப்பா வேலை பார்த்த மில்லையும் மூடிவிட்டார்கள். அப்பாவும் இல்லை. நான் படித்து, ராஜபாளையத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாகி, அம்மாவையும் என்னோடு அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு வரும் படப்புத்தகங்கள் இப்போது வழவழவென்று, விரலை அறுக்காத தாளில் வருகின்றன. ஏட்டையா புத்தகத்தின் ஒரு பிரதியாவது கிடைக்குமா என்று பழைய புத்தகக் கடைகளில் வருஷக்கணக்காகத் தேடிவிட்டேன். சின்னப் பிள்ளைகளின் புத்தகத்தை யார் எடுத்து வைத்திருக்கப் போகிறார்கள்? எங்கும் இல்லை.

ராசு போன நாளில் அம்மா ஒவ்வொரு வருஷமும் பாசிப்பருப்புப் பாயசம் வைத்து ஓர் இலையில் ஊற்றிவிட்டுப் பக்கத்தில் உட்காருவாள். ஒவ்வொரு வருஷமும் அதே வார்த்தை: "ஒத்தத் தாளு கேக்கதுக்கு எனக்கு வாய் வரலையே." முப்பது வருஷத்துக்கு மேலாக நான் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறேன். என் பொய்யை அம்மா சுமந்துகொண்டிருந்தாள், நான் சுமக்க விட்டேன். ராசுவுக்குச் செய்ததைச் சின்னப் பிள்ளைத்தனம் என்று யாராவது மன்னிக்கலாம். அம்மாவுக்குச் செய்ததை அப்படிச் சொல்ல முடியாது, எனக்கு நாற்பது தாண்டிவிட்டது.

இந்த வருஷம் அம்மா அதை என் மகளிடம் சொன்னாள். "ஒங்கம்மா அவனுக்காவ என்னெல்லாம் பாடுபட்டா தெரியுமா? தெனமும் கத சொல்லுவா. நாந்தான் பாவி, ஒரு தாளு கேட்டு வாங்கல." மகள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அவள் எழுந்து போனதும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எலி கடித்த தாள், பள்ளிக்கூடப் பை, பஸ் ஸ்டாண்டு, வெந்நீர் அடுப்பு. பிறகு ஐந்தாம் பக்கத்திலிருந்து பன்னிரண்டாம் பக்கம் வரைக்கும், ஒரு பக்கம் விடாமல், அந்தப் பையன் என்னென்ன செய்தான் என்று சொன்னேன்.

அம்மா திட்டவில்லை, அழவில்லை. இலை ஓரத்துக்கு வழிந்திருந்த ஆறிப்போன பாயசத்தை விரலால் நடுவுக்குத் தள்ளிவிட்டாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். பிறகு என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்:

"பாத்துருந்தா சிரிச்சிருப்பானாட்டி?"

"சிரிச்சிருப்பாம்மா" என்றேன்.